மூச்சு வாங்கும் பிள்ளையை உட்கார வைப்பதற்கு முன்னால்

உடம்பு பெருத்த பிள்ளை, கொஞ்சம் ஓடினாலும் மூச்சு வாங்குகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஒரு தாய் சொல்வதைக் கேட்டால் இப்போது என்னால் பேசாமல் கடந்துபோக முடிவதில்லை. ஒன்றரை வருடம் இதே கேள்வியோடு நான் தனியாக அலைந்திருக்கிறேன். கணவருக்குக் கட்டாரில் வேலை. நாவற்குடாவில் எங்கள் வீட்டில் நானும் மகளும் என் அம்மாவும் மட்டும்தான். நடுச்சாமத்தில் பிள்ளைக்கு இழுக்கிற மாதிரி இருந்தால் ஓட்டோ பிடிப்பதும் நான்தான், விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொண்டுபோவதும் நான்தான். அந்த நாட்களில் போன காசை எப்படியும் உழைத்துவிடலாம். ஓடியாடித் திரிய வேண்டிய வயதில் பிள்ளை ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாளே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தரம் 3 வரைக்கும் அவள் மெலிந்த பிள்ளை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியதும் நாள் முழுக்கக் கதிரையில்தான் வாழ்க்கை. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும், இரண்டரைக்கு ஒரு வகுப்பு, நாலரைக்கு இன்னொரு வகுப்பு, சனி ஞாயிறு கருத்தரங்கு. இடையில் பசிக்கு ஒரு ரோல்ஸ், தாகத்துக்கு ஒரு போத்தல் சோடா. மட்டக்களப்பில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த நேரசூசிதான். அவள் உடம்பு போட்டபோது சொந்தக்காரர் எல்லோருக்கும் சந்தோசம். "இப்பதான் புள்ள பாக்க நல்லா இருக்கா" என்றார் மாமி. தரம் 6க்குப் போனபோது உயரம் 142 சென்றிமீற்றர், எடை 56 கிலோ.

அந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்தது. மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொல்லியிருக்கிறார்கள். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போன் வந்து நான் போனபோது முகம் வெளிறி, "ஏலாது அம்மா, ஏலாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரமே சனல் பண்ணி, அதாவது காசு கட்டித் தனியாராக, ஒரு டொக்டரிடம் காட்டினேன். குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், அஸ்மா என்றார். மூச்சுக் குழாயை விரிக்கிற நீல நிறப் பம்ப் (இன்ஹேலர்), பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோயிட் குளிசை, ஒரு பாணி மருந்து, கூடவே பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம்: இந்தப் பிள்ளையை விளையாட்டில் ஈடுபடுத்த வேண்டாம். ஊதவைத்துப் பார்க்கிற பரிசோதனை என்று ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரே சுற்றுத்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், இரவில் குறட்டையும் இருமலும் வரும். நான் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அங்கே மருந்தை ஆவியாக்கி மாஸ்க்கில் கொடுத்து நெபுலைஸ் பண்ணுவார்கள், மறுபடியும் ஒரு கிழமைக்குப் பிரெட்னிசொலோன் எழுதுவார்கள். அதைக் குடிக்கிற நாட்களில் பிள்ளைக்கு அடங்காத பசி. சாப்பிட்டு முடித்த கையோடு அடுத்த வேளைக்கு என்ன என்று கேட்பாள். அந்த மருந்தை அடிக்கடி எடுத்தால் பசி கூடும், எடை ஏறும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடுமையான அஸ்மாவில் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து அது, டொக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்திவிடக் கூடாது. ஆனால் வருடத்தில் பல தடவை எழுதப்படுகிறது என்றால், "ஊதிப் பார்த்துத்தான் இதை முடிவு செய்கிறீர்களா?" என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. வீட்டுக்கென்று ஒரு நெபுலைஸர் மெஷின் வாங்கினேன். யாரோ சொன்னார்கள் என்று லேகியம், இன்னொருவர் சொன்னார் என்று நெஞ்சுச்சளிக்கு எண்ணெய். சனலிங் காசு, ஓட்டோக் காசு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கும். கட்டாரிலிருந்து வருகிற காசில் மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கூரை மாற்றுவதாக இருந்தோம். கூரை அப்படியே இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது அந்தக் கடிதத்தின் மேல்தான். உடற்கல்விப் பாடவேளை வந்தால் அவள் மரத்தடியில் மற்றப் பிள்ளைகளின் செருப்புக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் காவல். ஓடாததால் இன்னும் எடை ஏறியது, எடை ஏறியதால் இன்னும் மூச்சு வாங்கியது. வீட்டிலும் என் அம்மா அவளை ஒரு வேலை செய்ய விடமாட்டார், "வருத்தக்காரப் புள்ள, இருக்கட்டும்" என்பார். கொஞ்ச நாளில் பிள்ளையே தன்னை வருத்தக்காரி என்று சொல்லப் பழகிவிட்டாள்.

எங்களுக்கு வழி திறந்தது பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவப் பரிசோதனையால். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து பார்ப்பார்கள். அந்த நாளில் பிள்ளையைக் கட்டாயம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், ஊசி போடுவார்கள் என்று பயந்து வீட்டில் நிறுத்துகிறவர்களை எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் 147 சென்றிமீற்றர், 64 கிலோ. பெரியவர்களுக்குச் சொல்கிற 25, 30 என்ற உடற்திணிவுச் சுட்டிக் கணக்கு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற BMI) பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது, வயதையும் ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்பதையும் வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் பார்க்க வேண்டும் என்று அங்கே விளக்கினார்கள். 12 வயதுப் பெண்பிள்ளைக்கு 25ஐத் தாண்டினாலே உடற்பருமன். என் மகளுக்கு 29க்கு மேல். அவர்கள் தந்த துண்டோடு அரசாங்க வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குப் போனோம். காலை முழுக்கக் காத்திருந்தோம், ஆனால் ஒரு சதம் செலவில்லை.

அங்கேதான் முதன்முதலாக ஸ்பைரோமெட்ரி என்ற பரிசோதனை செய்தார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுக்க உள்ளே இழுத்து, ஒரு குழாய்க்குள் முழுப் பலத்தோடு கடைசிவரை ஊத வேண்டும். ஊசியும் இல்லை, நோவும் இல்லை. ஐந்தாறு வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் செய்துவிடுவார்கள். ஒழுங்காக ஊதினால்தான் கணக்குச் சரியாக வரும் என்பதால் குறைந்தது மூன்று தடவை ஊதவைப்பார்கள். போவதற்கு முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நீல நிறப் பம்பைச் சில மணித்தியாலம் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள், அடித்துவிட்டுப் போனால் உண்மையான நிலை தெரியாது. ஆனால் பிள்ளைக்கு முட்டு (மூச்சு இழுப்பு) வந்தால் பம்பைக் கொடுத்துவிட்டு அதைப் போய்ச் சொல்லுங்கள், பரிசோதனைக்கு இன்னொரு நாள் கிடைக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ இறுக்கமான உடுப்போடோ போக வேண்டாம். நாங்கள் போன அன்று முன்னால் இருந்த பையன் பிட்டும் கறியும் சாப்பிட்டுவிட்டு வந்து பாவம், ஊதவே முடியாமல் திரும்பினான்.

பரிசோதனைத் தாளில் நாம் பார்க்க வேண்டியவை மூன்று. மொத்தமாக ஊதி வெளியேற்றிய காற்று எவ்வளவு, அதில் முதல் ஒரு விநாடிக்குள் வந்தது எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள விகிதம் என்ன. என் மகளுக்கு மொத்தக் காற்றில் ஒரு குறையும் இல்லை. விகிதம் மட்டும் கொஞ்சம் குறைவு. உடல் பருத்த பிள்ளைகளில் இப்படி வருவது உண்டாம், நுரையீரல் வளர்கிற அளவுக்குச் சுவாசக் குழாய்கள் அகலமாவதில்லை. பிறகு பம்ப் கொடுத்து 15 நிமிடம் பொறுத்து மறுபடியும் ஊதவைத்தார்கள். அஸ்மா இருந்தால் அந்த முதல் விநாடிக் கணக்கு வழக்கமாக 12 வீதமோ அதற்கு மேலோ ஏறும். இவளுக்கு அசையவில்லை. இன்னொரு நாள் வேகமாக ஓடவைத்து, நின்ற பிறகு இடைவெளி விட்டு விட்டு ஊதவைத்தார்கள். பெரிதாக விழவில்லை. ஒருநாள் சரியாக வந்தது என்பதற்காக அஸ்மாவே இல்லை என்று முடிவு கட்டிவிட ஏலாது, கண்காணித்துக்கொண்டே மருந்தைக் குறைப்போம் என்றார் டொக்டர். "இந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு முக்கியமான மருந்து உடற்பயிற்சி, அம்மா" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அதைத்தானே ஒன்றரை வருடம் தடுத்து வைத்திருந்தார்கள்!

அவர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற தசை இருக்கிறது, மூச்சு இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும். வயிற்றில் சேர்ந்த கொழுப்பு அதைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது, நெஞ்சின் மேல் உள்ள கொழுப்பு விலா எலும்புகளை விரிய விடாமல் அமுக்குகிறது. நிரம்பிய நெல்மூட்டையின் கீழ் பலூனை வைத்து ஊதுவது மாதிரி. சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் தங்கி நிற்க வேண்டிய காற்று இதனால் குறைந்துபோகிறது. பிள்ளை சின்னச் சின்னதாக, வேகமாக மூச்சு விடுகிறாள். அதோடு 64 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஒட்சிசனும் அதிகம் வேண்டும். ஆக, நுரையீரல் கெட்டுப்போகவில்லை, அதற்குச் சுமை கூடிவிட்டது. நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் மாதிரித் தொடர்ந்து செய்கிற பயிற்சிகளில் தசைகள் ஒட்சிசனைச் சிக்கனமாகப் பாவிக்கப் பழகும், அதே வேலைக்குக் குறைந்த மூச்சுப் போதும், மூச்சு ஆழமாகும். இதில் ஒரு பகுதி எடை குறைவதற்கு முன்பே நடந்துவிடும் என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய தைரியம்.

அவர் சொல்லித் தந்த இன்னொன்றை எல்லாத் தாய்மாரும் கவனித்துப் பார்க்கலாம். மூச்சு எப்போது அதிகம் வாங்குகிறது? பழக்கமில்லாத உடம்பு என்றால் ஓடும்போதே வாங்கும், நின்று சில நிமிடத்தில் அடங்கிவிடும். உடற்பயிற்சியால் வருகிற முட்டு என்றால் பெரும்பாலும் நின்ற பிறகுதான் கூடும், ஐந்து பத்து நிமிடம் கழித்து இருமல், வீசிங், நெஞ்சிறுக்கம் என்று உச்சத்துக்கு வரும். இதை நீங்களாகத் தீர்ப்புச் சொல்லப் பாவிக்க வேண்டாம், ஆனால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எப்போதும் ஒன்றும் இருக்காது. ஓடும்போது மயக்கம் வருவது, நெஞ்சு நோவது, உதடு நீலமாவது இருந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே காட்ட வேண்டும். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது பருமனான பிள்ளைகளில் அதிகம். என் மகளைக் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கும் அனுப்பினார்கள், அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள்.

சரி, பயிற்சி. டொக்டருக்கு ஒரு வசனத்தில் சொல்லிவிட முடிந்தது, எனக்கு அதுதான் பெரிய பாடு. 12 வயதுப் பெண்பிள்ளை எங்கே போய் ஓடுவது? கல்லடிக் கடற்கரை பக்கத்தில்தான், ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு என் அம்மா கடற்கரைப் பக்கம் கால் வைத்ததில்லை, பேத்தியையும் விடமாட்டேன் என்று நின்றார். அவரோடு சண்டை பிடிக்க எனக்கு மனமில்லை, அவர் இழந்தவர்களை நானும் இழந்திருக்கிறேன். முதலில் ஊருக்குள் ஒழுங்கைகளில் நடந்தோம். கச்சான் காற்று அடிக்கிற காலம், ஒன்பது மணிக்கே நெருப்பாக இருக்கும், புழுதி வேறு. அதனால் விடியற்காலையில், ஆறு மணிக்கு முன். வீதியில் கண்டவர்கள் சும்மா விடவில்லை. "என்ன கா, பொம்புளப் புள்ளய இப்பிடிக் கூட்டிட்டுத் திரியுறீங்க, கறுத்துப் போயிருவா" என்று ஒருவர். "பெரியபிள்ளையாகிற வயசு, ஓட விடாதீங்க" என்று இன்னொருவர். வயதுக்கு வருவதற்கும் ஓடுவதற்கும் ஒரு பகையும் இல்லை. மாதவிடாய் நாட்களில்கூடப் பிள்ளைக்கு முடியுமென்றால் நடக்கலாம், ஓடலாம். பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துத்தான் நாம் அவர்களின் மூச்சைக் குறைக்கிறோம் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

தொடக்கத்தில் பத்து நிமிட நடை, அவ்வளவுதான். எவ்வளவு வேகம் என்று அளக்க மெஷின் ஒன்றும் வேண்டாம். நடந்துகொண்டே பிள்ளையால் கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர வேகம். பாட்டு வந்தால் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள், ஒரு வசனம் முழுசாகச் சொல்ல ஏலாவிட்டால் குறையுங்கள். முதல் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக உடம்பைச் சூடாக்கிவிட்டுத் தொடங்கினால் முட்டு வருகிற சாத்தியமும் குறையும், முடிக்கும்போதும் திடீரென்று நிற்காமல் மெல்ல நடந்து முடிக்க வேண்டும். பயிற்சிக்கு 15 நிமிடம் முன் பம்ப் அடிக்கச் சொல்லி டொக்டர் எழுதியிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள், நல்லாத்தானே இருக்கிறாள் என்று நிறுத்தவும் வேண்டாம். ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினோம். 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும், கிழமையில் குறைந்தது 3 நாள் நல்லா மூச்சு வாங்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. காலையில் நடை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற தூரம், பின்னேரம் விளையாட்டு எல்லாம் சேர்த்தால் போதும்.

முழங்கால் நோவு எங்களை ஒரு கிழமை நிறுத்தி வைத்தது. பழைய சப்பாத்து, தார் வீதி, அதோடு அவள் ஆசைப்பட்டுக் கயிறு தாண்டியது. எடை கூடின பிள்ளைக்குத் தொடக்கத்திலேயே குதிக்கிற பயிற்சி வேண்டாம், சைக்கிளும் தண்ணீரும் மூட்டுக்கு நல்லது. இங்கே ஒரு எச்சரிக்கை: பருமனான பிள்ளை முழங்கால் அல்லது தொடை நோகிறது என்று நொண்டினால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். இடுப்பு மூட்டில் எலும்பின் தலைப்பகுதி நழுவுகிற ஒரு நோய் இந்த வயதில் வரும், நோவு முழங்காலில்தான் தெரியும், பிந்தினால் கால் பழுதாகிவிடும். எங்களுக்கு எக்ஸ்ரேயில் அப்படி ஒன்றும் இல்லை. சப்பாத்தை மாற்றினோம், அம்மாவும் ஒருவழியாகச் சம்மதித்துக் கடற்கரைக்குப் போகத் தொடங்கினோம். காய்ந்த மணலில் ஓடுவது பெரும்பாடு, அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில்தான் நடக்க வேண்டும். தங்கச்சி குடும்பத்தோடு பாசிக்குடாவுக்குப் போனபோது இடுப்பளவு தண்ணீரில் அவள் மணிக்கணக்காக நடந்தாள், மூச்சு வாங்கியதை அவளே கவனிக்கவில்லை. கல்லடிக் கடலில் அப்படி இறங்க வேண்டாம், இழுத்துவிடும்.

எல்லாவற்றையும்விட அவளை மாற்றியது கிளித்தட்டு. என்னோடு நடக்கும்போது நிமிடத்துக்கு ஒருதரம் "இன்னும் எவ்வளவு அம்மா?" என்று கேட்டவள், ஒழுங்கைப் பிள்ளைகளோடு வளவுக்குள் கோடு கீறி விளையாடினால் இருட்டும்வரை வரமாட்டாள். பாய்ந்து ஓடி, நின்று மூச்செடுத்து, மறுபடி பாய்வதுதான் பிள்ளைகளின் இயல்பு. பெரியவர்கள் மாதிரி ஒரே சீராக அரை மணித்தியாலம் ஓடச் சொன்னால் அலுத்துப்போவார்கள். ஒரு டியூசன் வகுப்பை நிறுத்தித்தான் அந்த நேரத்தை எடுத்தேன். கணவர் போனில் கொஞ்சம் கோபப்பட்டார், மாதக் கட்டணம் மிச்சம் என்றதும் அமைதியாகிவிட்டார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டினி போடவில்லை. போத்தல் சோடாவை நிறுத்தினோம். 2016 முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களின் போத்தலில் சீனியின் அளவைக் காட்ட நிறக் குறியீடு போடுகிறார்கள், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. கடைக்குப் போனால் சிவப்பைத் தேடிப் பார்த்து வைத்துவிடுவது அவளுக்கே பழக்கமாகிவிட்டது. தயிருக்குச் சீனி போடுவதையும் விட்டோம், இது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

சில மாதம் கழித்து மறுபடியும் ஊதவைத்தார்கள். விகிதம் கொஞ்சம் ஏறியிருந்தது. எடை அதே 64 கிலோ, உயரம் 2 சென்றிமீற்றர் கூடியிருக்கிறது. எடை குறையவில்லையே என்று நான் முகம் வாட, வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்று உயரம் கூடினாலே சுட்டி இறங்கிவிடும் என்று டொக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். பிரெட்னிசொலோன் அந்த மாதங்களில் ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. நெபுலைஸர் மெஷின் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.

அன்றைக்கு நான் கேட்டு வாங்கியது இன்னொரு கடிதம். நீங்களும் கேளுங்கள். வெறுமனே "விளையாடலாம்" என்று எழுதினால் பள்ளிக்கூடத்தில் பயத்தில் மறுபடியும் உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் கடிதத்தில் பிள்ளை எல்லா விளையாட்டிலும் சேரலாம், முதலில் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க வேண்டும், மூச்சு வாங்கினால் நடக்க விட வேண்டும், இன்ன அறிகுறி வந்தால் பம்ப் கொடுத்து வீட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. உடற்கல்வி மிஸ் அதை வாசித்துவிட்டு, "இப்பிடி எழுதித் தந்தா எங்களுக்கும் பயமில்ல" என்றார். ஒரு பிரதி புத்தகப் பையில், ஒன்று வகுப்பாசிரியரிடம், பம்பும் அதைப் பொருத்தி மருந்தை இழுக்கிற ஸ்பேசர் குழாயும் எப்போதும் பையில்.

இப்போது மாரி தொடங்கிவிட்டது, கடற்கரைக்குப் போக முடியாது, ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். ஹோலுக்குள் பாட்டுப் போட்டு ஆடுகிறாள், அம்மம்மாவையும் இழுத்துவிடுகிறாள். மழை விட்டதும் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி தொடங்கும், 200 மீற்றருக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அடுத்த கிளினிக் அதற்கு முதல் வாரம்.